டேப் நின்ற பிறகு நீ சொன்னது

உன் மகன் நேற்று சாயங்காலம் வந்திருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே உன் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கேசட், அதைப் போட்டுக் கேட்பதற்காகத் திருச்சியில் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்த ஒரு டேப் ரிக்கார்டர். கேசட் டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினான். பாச்சை உருண்டையும் அத்தரும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. உன் இரும்புப் பெட்டியின் வாசனை.

"இதுல அம்மா பேசியிருக்காங்களாம், பெரியம்மா. அத்தா இருக்கும்போது ஒரு தடவ சொன்னாங்க. அம்மா கேக்கவே விடல. நீங்க பக்கத்துல இருந்தா போட்டுப் பாக்கலாம்னு வந்தேன்."

"மொதல்ல டீ குடி," என்றேன். அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் நாற்பதாம் நாளும் முடிந்துவிட்டது. நீ இல்லை என்பதற்கு இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். உன் குரல் திரும்பி வந்தால் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது. அதுவும் அந்தக் கேசட்டில் இருக்கிற குரல்.

நான் பயந்தாங்கொள்ளி என்று முதலில் கண்டுபிடித்ததே நீதான். என் வீட்டுக்காரருக்கு லப்பைக்குடிக்காடு தபால் ஆபீசுக்கு மாற்றலாகி, உங்கள் வீட்டுப் பின்கட்டில் குடிவந்த சமயம். என் மகள் செல்வி அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தாள். நான் தரையைக் கூட்டுவதும், கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவுவதுமாக இருந்தேன். நீ உன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா தொலச்சீங்க?" என்று கேட்டாய். ஒன்றும் தொலைக்கவில்லை, முந்திரிக்கொட்டை ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். நீ சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

சிரிக்க மாட்டாயா பின்னே. ஜெயங்கொண்டம் பக்கம் என் பிறந்த வீட்டில், கோடை வந்தால் கூடத்து மூலையில் பச்சை முந்திரிக்கொட்டையைக் குவித்துப் போட்டிருப்பார்கள். அந்த ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். தவழ்கிற வயதில் என் தம்பி ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கடித்துவிட்டான். உதடெல்லாம் புண்ணாகி, பால் குடிக்க முடியாமல் அவன் அழுத அழுகையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எங்கே குழந்தையைப் பார்த்தாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகும். "எங்க ஊர்ல முந்திரிக் காடே இல்லக்கா," என்று நீ சொன்னாய். அது எனக்குத் தெரியும். என் பயத்துக்குத் தெரியவேண்டுமே.

உன் பயம் வேறு மாதிரி. அதைச் சொல்வதற்கு நீ வெகுநாள் எடுத்துக்கொண்டாய். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, கையை நிறுத்தாமலேயே சொன்னாய்: "ஜாபருக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சுக்கா. காய்ச்சல்ல போயிருச்சு. அவுங்க அங்க இருந்தாங்க. தந்திதான் போச்சு." அவ்வளவுதான். உன் வீட்டுக்காரர் துபாயில் கட்டட வேலையில் இருந்தார். மூத்த பிள்ளையின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்து லீவில் வந்துபோனதற்குப் பிறகு பிறந்தவன் ஜாபர். அவன் முகத்தையும் போட்டோவில்தான் பார்த்திருந்தார்.

செல்வியும் ஜாபரும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் என் மகள் வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பாள். உன் மகனோ தவழத் தெரியாத காலத்திலேயே கிளம்பிவிட்டான். எதிரே இருக்கிற கிலுகிலுப்பையைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தள்ளுவான். உடம்பு பின்னால் போகும். ஆசைப்பட்டது தூரமாகிக்கொண்டே போகிறதே என்று ஆத்திரத்தில் கத்துவான். பிறகு முன்னால் போகிற வித்தை பிடிபட்டது. அதோடு நம் நிம்மதி போனது. விளக்குமாறு, செருப்பு, கதவுச் சங்கிலி, வெள்ளையடித்த சுவர் எல்லாவற்றையும் நாக்கால் ஒரு தடவை விசாரித்துவிடுவான். டம்ளரைத் தூக்கிப் போட்டு, அது உருண்டு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பான். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுவான். கூரையில் பதித்திருந்த கண்ணாடி வழியாக வெயில் விழுந்து தரையில் ஒரு வட்டம் இருக்கும். அதை இரண்டு விரலால் கிள்ளி எடுக்கப் பார்ப்பான். கையில் வராததைப் பார்த்துவிட்டு நம்மை நிமிர்ந்து பார்ப்பான், நாம் ஏதோ ஏமாற்றுகிற மாதிரி.

அவன் வளர வளர உன் வீட்டுச் சாமான்களெல்லாம் மேலே ஏறின. மண்ணெண்ணெய் பாட்டில் அலமாரிக்குப் போனது, அரிவாள்மனை பரணுக்குப் போனது. முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் பலகை வந்தது. நான் "ஐயோ எடுத்துட்டான், ஐயோ வாயில வெச்சுட்டான்" என்று பின்னாலேயே ஓடுவேன். "வெச்சுப் பாக்காம அவனுக்கு எப்படிக்கா தெரியும்?" என்பாய். கேட்பதற்குத் துணிச்சல்காரி மாதிரி இருக்கும். ஆனால் உன் காது எப்போதும் அவன் பக்கமே இருக்கும். "அழுதா பயமில்லக்கா. சத்தம் இல்லன்னாத்தான் எனக்கு ஒதறுது," என்று ஒரு நாள் சொன்னாய்.

அப்போது உன் வீட்டில் இருந்த டேப் ரிக்கார்டர் உன் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. உங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்போது கேசட் பேசி அனுப்புவதுதான் வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பேசலாம், குழந்தையின் மழலையும் போகும். யாராவது லீவு முடிந்து கிளம்பினால் அவர்கள் பெட்டியில் ஊறுகாயோடு கேசட்டும் போகும். நீ ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, "ஏங்க, கேக்குதா?" என்று ஆரம்பிப்பாய், அவர் அடுத்த அறையில் இருக்கிற மாதிரி.

ஜாபருக்கு அந்த மெஷினில் ஒரே ஒரு விஷயம் பிடிக்கும். நாடா முடிந்ததும் பொத்தான் தானாக 'டக்'கென்று எகிறும். அந்தச் சத்தம் வந்ததும் நீ அவனை மடியில் வைத்து, கேசட் மூடி திறக்கிற பொத்தானை அமுக்க விடுவாய். மூடி துள்ளித் திறக்கும். அவனுக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை. அதனால் எந்த மூலையில் இருந்தாலும் 'டக்' கேட்டால் விழுந்தடித்துக்கொண்டு வருவான்.

இந்தக் கேசட்டைப் பேசிய அன்று, பகல் சாப்பாடு முடிந்து தெரு அடங்கியிருந்த நேரம். முன்கட்டில் ரிக்கார்டரை நாற்காலியில் வைத்து ஓடவிட்டாய். "அவன் நாள் பூராவும் என்னென்ன பண்றான்னு சொல்லு" என்று அவர் முந்தின கேசட்டில் கேட்டிருந்தார். நீ சொல்ல ஆரம்பித்தாய். இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறான், ஆனால் உட்காரத் தெரியாமல் அழுகிறான், கீழே பல் இரண்டு வந்துவிட்டது, காதுத் தோட்டைப் பிடித்து இழுக்கிறான். "அக்காவும் பேசுங்க" என்று என்னையும் இழுத்தாய். நானும் கூச்சப்பட்டுக்கொண்டே வெயில் வட்டத்தைக் கிள்ளுகிற கதையைச் சொன்னேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவனைப் பற்றிப் பேசுகிற மும்முரத்தில் இரண்டு பேரும் அவனைப் பார்க்க மறந்துபோனோம்.

முதலில் நிறுத்தியது நீதான். பேச்சின் நடுவில் தலையைத் தூக்கி, "சத்தத்தையே காணோம்?" என்றாய்.

செல்வி பாயில் உட்கார்ந்திருந்தாள். ஜாபர் இல்லை. அடுப்படியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. நீ முற்றத்துக்கு ஓடினாய். தொட்டிப் பலகை கொஞ்சம் நகர்ந்திருந்தது. தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாய். நான் கொல்லைக்கு ஓடினேன். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. நான்தான் திறந்தேனா, காற்றா, யாருக்குத் தெரியும். கிணற்றுச் சுவர்வரை போய்விட்டேன். எட்டிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குனிந்து, பிறகு திறந்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. என் முகம் மட்டும்தான் தெரிந்தது. "கிணத்துல இல்ல! கிணத்துல இல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தேன். அசையாத தண்ணீர் நல்ல சேதியா கெட்ட சேதியா என்று வழியிலேயே சந்தேகம் வந்து, கால் பின்னிக்கொண்டது.

நீ தெருவுக்கு ஓடி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாய். நனைந்த கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ஜாபரு! ஜாபரு!" என்று நீ கூப்பிட்ட குரல் உன் குரலாகவே இல்லை. கூடத்து நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாய். நாற்காலியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்து, அதைப் பிடித்துக்கொண்டு அழுதாய்:

"ஏங்க... உங்க புள்ளையக் காணோங்க. நான் என்ன பண்ணுவேன், இவனையும் காணோங்க..."

டக்.

நாடா முடிந்து பொத்தான் எகிறியது. அப்போது கட்டிலுக்கடியில் ஏதோ உரசுகிற சத்தம். மெஷின் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லாமல் அங்கே தள்ளி வைத்திருந்தாயே, அதன் வாய் சுவர்ப் பக்கம் இருந்தது. நான் முதலிலேயே குனிந்து பார்த்தேன், பெட்டியின் முதுகுதான் தெரிந்தது. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து உன் மகன் வந்தான். உதடு, புருவம், தலைமுடி எங்கும் தெர்மோகோல் துகள். அவ்வளவு நேரமும் உள்ளே உட்கார்ந்து அதைப் பொடிப்பொடியாகக் கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறான். பேரைச் சொல்லிக் கத்தியதெல்லாம் அவன் காதிலேயே ஏறவில்லை. 'டக்' கேட்டதும் தன் முறை வந்துவிட்டது என்று முட்டி தேயத் தவழ்ந்து வந்து, உன் மடியில் ஏறி, மூடிப் பொத்தானை அமுக்கக் கையை நீட்டினான்.

நீ அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துகளை வழித்துக்கொண்டே, மெஷினைப் பார்த்துப் பேசினாய். அது நின்றுவிட்டது என்பது உனக்கு உறைக்கவில்லை. நீ சொன்னதை நான் மட்டும்தான் கேட்டேன்.

அந்தக் கேசட்டை அழித்துவிடுவது என்று முடிவு செய்தோம். மறுநாள் வேறு ஒரு கேசட்டில் புதிதாகச் சிரித்துப் பேசினாய். அதை எடுத்து, அடையாளத்துக்கு அதன் டப்பா மூடியில் பச்சை நூல் சுற்றி வைத்தாய். உன் வீட்டுக்காரரின் கூட்டாளி லீவு முடிந்து கிளம்புகிறவர், வாங்கிப்போக வந்தார். ஜாபரைத் தூக்கிக் கொஞ்சினார். அவன் அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துப் பிய்த்தேவிட்டான். நான் அலறினேன். நீ வாயிலிருந்து அதைத் தோண்டி எடுத்துக் கொடுத்தாய். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பச்சை நூல் சுற்றிய கேசட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பழையதை அழிக்கலாம் என்று நீ மெஷினில் போட்டது அதற்குப் பிறகுதான். "ஏங்க, கேக்குதா?" என்று உன் குரல் வந்தது. இரண்டிலும் அப்படித்தானே ஆரம்பிக்கும். கொஞ்சம் ஓடவிட்டோம். மறுநாள் நீ பாடின தாலாட்டு வந்தது. நீ என்னைப் பார்த்தாய். முந்தின நாள் சாயங்காலம் ஜாபர் கேசட்டையெல்லாம் டப்பாவிலிருந்து உருவிப் போட்டு விளையாடினதும், நாம் பேசிக்கொண்டே பொறுக்கித் திரும்பப் போட்டதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. பச்சை நூல் டப்பாவோடுதான் இருந்தது. உள்ளே இருந்ததுதான் மாறிப்போயிருந்தது.

என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பெரம்பலூருக்குப் போய், அங்கிருந்து மெட்ராஸ் பஸ் பிடித்திருப்பார். யாரைப் பிடிப்பது, எங்கே பிடிப்பது? நான் தந்தி அடிக்கலாம் என்றேன். குழந்தை சுகம், இரண்டு வார்த்தை போதும். "வேணாங்க்கா. தந்தின்னு சொல்லி நீட்டுனாலே அவுங்க உசுரு போயிரும். பிரிக்கவே மாட்டாங்க," என்றாய். தபால் ஆபீஸ்காரரான என் வீட்டுக்காரரும் உன் பக்கமே நின்றார். தந்தியைக் கையில் வாங்குகிறவர்களின் விரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அனுப்பாவிட்டால் கேசட் கொல்லும், அனுப்பினால் தந்தி கொல்லும். கடைசியில் நல்ல கேசட்டை, அடுத்து கிளம்புகிறவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. அவர் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டால்? நெஞ்சு வலித்து விழுந்துவிட்டால்? உயரத்தில் நின்று வேலை செய்கிறவர், அந்த நினைப்பிலேயே கால் தவறினால்? இதில் கடைசியை மட்டும் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. தெருவில் கார் சத்தம் கேட்டால் நீ எழுந்து நிற்பாய். என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்தால் முதலில் அவர் கையைப் பார்ப்பாய். ஜாபரை மட்டும் இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. அவன் தரைக்குப் போகவேண்டும் என்று துள்ளித் துள்ளி அழுதான்.

பதில் கேசட் வந்தபோது அதைப் போட உனக்குக் கை வரவில்லை. நான்தான் அமுக்கினேன். அவர் சலாம் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"கேட்டேம்மா. ரூமுல எல்லாரும் இருந்தோம். 'ஏங்க, உங்க புள்ளையக் காணோங்க'ன்னு நீ கூப்புட்ட. நான் எந்திரிச்சுச் செருப்பப் போட்டுட்டேன். போட்டப்புறந்தான் எங்க போறதுன்னு தெரியல. மறுபக்கம் திருப்பிப் போட்டாங்க, வெறும் இரைச்சல்தான் இருந்துச்சு..."

கேசட் கொண்டுபோன கூட்டாளி அன்று வேறு இடத்தில் வேலையில் இருந்திருக்கிறார். மறுநாள் காலையில் வந்து, விஷயம் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து அந்தப் பொத்தானை எடுத்துக் காட்டியிருக்கிறார். "நான் கெளம்பும்போது என் சட்டையக் கடிச்சவன்டா இவன், எங்கடா காணாமப் போனான்?" கொண்டுபோகிறவரே குழந்தையைக் கண்ணால் பார்த்தவர்தானே என்று அத்தனை நாளும் நமக்குத் தோன்றவே இல்லை, பார். பயம் புத்தியை அப்படித் தின்றிருந்தது. ஆனால் அந்த ஒரு ராத்திரி முழுக்க உன் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாராம்.

நீ அதுவரை அழவில்லை. "செருப்பப் போட்டாங்களாம்க்கா," என்றாய். பிறகு ஜாபரைத் தரையில் இறக்கிவிட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். அவன் நேராக வெயில் வட்டத்துக்குப் போனான்.

அடுத்த லீவில் அவர் அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதை அழிக்கவும் உனக்கு மனசு வரவில்லை, கேட்கவும் மனசு வரவில்லை. பெட்டியின் அடியில் போட்டுவிட்டாய்.

நேற்று டீயும் ஆறிப்போய், சாக்கும் தீர்ந்த பிறகு, உன் மகன் மெஷினில் கேசட்டைப் போட்டான். நரைத்த தாடியோடு என் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். "ஏங்க, கேக்குதா?" என்று நீ வந்தாய். எவ்வளவு சின்னப் பெண்களாக இருந்திருக்கிறோம் நாம். பல் வந்த கதை, தோடு கதை, என் கூச்சக் குரல், உன் சிரிப்பு. அவனும் சிரித்தான். எனக்கு மட்டும் வரப்போவது தெரியும். நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் "சத்தத்தையே காணோம்?" என்றாய்.

அவன் தலை குனிந்துகொண்டது. நீ ஓடுகிற காலடி, தண்ணீர் அலம்புகிற சத்தம், கிணற்றடியிலிருந்து நான் போட்ட கூச்சல். தன் பேரை அம்மா அப்படிக் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. அவன் விரல்கள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. நீ மெஷினிடம் வந்து அழுதாய். பிறகு டக்.

இரைச்சலும் நின்றுவிட்டது. அவன் நிமிராமலேயே கேட்டான்: "அப்புறம் அம்மா என்ன பண்ணாங்க, பெரியம்மா?"

உன் வீட்டுக்காரர் கேட்காதது, எந்த நாடாவிலும் ஏறாதது, என்னிடம்தான் இருந்தது. நானும் எத்தனையோ பயத்தில் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்: செல்விக்குப் பிரசவ வலி கண்டபோது, என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, உனக்கு மூச்சு இழுத்த அன்று உன் கட்டில் பக்கத்தில். சில தடவை பலித்தது. உன் விஷயத்தில் பலிக்கவில்லை.

அவன் தலைமேல் கையை வைத்தேன். நின்றுபோன அந்த மெஷினைப் பார்த்து, நீ சொன்ன மாதிரியே, அழுகையும் சிரிப்புமாக நீ சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன்.

"வந்துட்டான்ங்க. உங்க புள்ள வந்துட்டான். செருப்பக் கழட்டிட்டு உக்காருங்க." செருப்பு விஷயம் அன்று உனக்குத் தெரியாது, அந்தக் கடைசிப் பாதி நான் சேர்த்தது. முதல் பாதி உன்னுடையது.